கைவேலை நகையைப் போனில் படமெடுப்பது: ஜன்னல் வெளிச்சத்திலிருந்து விற்பனைப் படம் வரை

அரக்கு நிற சில்க் த்ரெட் வளையல் படத்தில் ராணி கலராகத் தெரிந்தால், பார்சலைப் பிரித்தவர் "நான் கேட்ட கலர் இது இல்லையே" என்றுதான் சொல்வார். டெரகோட்டா ஜிமிக்கியில் மணிக்கணக்காக ஊசியால் கீறிய பூவேலை படத்தில் தட்டையான சிவப்பு வட்டமாக நின்றால், அந்த உழைப்புக்கு யாரும் விலை கொடுக்க மாட்டார்கள். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் போன் இல்லை. ஐந்தாறு வருடப் பழைய போனின் மெயின் கேமராவே இந்த வேலைக்குப் போதும். நகைப் படத்தைத் தீர்மானிப்பது நகையைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதுதான். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எதிர்ப்பக்கம் வெள்ளையா கறுப்பா, சுவர் என்ன பெயிண்ட் என்று ஒவ்வொன்றும் நகையின் மேல் விழும். அதைக் கையாளப் பழகிவிட்டால் மீதி வேலை சுலபம்.

வீட்டில் செய்யும் டெரகோட்டா, சில்க் த்ரெட், முத்து, கண்ணாடி மணி, குந்தன் கல் நகைகளை மனதில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. நகைக்கடைத் தங்கத்துக்கும் வைரத்துக்கும் வேறு ஏற்பாடு வேண்டும்.

வாங்க வேண்டியவை

ஸ்டேஷனரி கடையில் வெள்ளைச் சார்ட் 2, கறுப்புச் சார்ட் 1, வெளிர் சாம்பல் சார்ட் 1, பட்டர் பேப்பர் நாலைந்து தாள். ஒரு அங்குலத் தடிமனில் தெர்மாகோல் ஷீட் ஒன்று வாங்கி ஓரடிக்கு ஓரடி அளவில் மூன்று துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். இவற்றோடு இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், குண்டூசி, மெல்லிய நைலான் நூல், மென்மையான பெயின்ட் பிரஷ், எவர்சில்வர் ஸ்கேல். போனுக்கு ஒரு சின்ன ட்ரைபாட் கட்டாயம் வேண்டும். கையில் பிடித்து எடுத்தால் ஒரே செட்டின் பத்துப் படங்களும் பத்துக் கோணத்தில் வரும். லேசான ஆட்டம் போன் திரையில் தெரியாது, வாங்குகிறவர் பெரிதாக்கிப் பார்க்கும்போது தெரிந்துவிடும்.

கடையில் விற்கும் மடக்கு லைட் பாக்ஸை முதலிலேயே வாங்காதீர்கள். அதில் எல்லாப் பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் விழும். முத்துக்கு அது சரி. டெரகோட்டாவின் செதுக்கு வேலையை அது அப்படியே அழித்துவிடும்.

ஜன்னலோரம் மேசை போடுவது

நேர் வெயில் விழாத, ஆனால் வெளிச்சமான ஜன்னல் வேண்டும். வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று பல வழிகாட்டிகள் சொல்லும். ஐரோப்பாவுக்கு அது ஓரளவு சரி, நம் ஊருக்குச் சரிவராது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் உச்சிவேளைச் சூரியனே வடக்குப் பக்கம்தான் இருக்கும். தெற்கே போகப்போக அந்தக் காலம் இன்னும் நீளும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் வெயில் எட்டிப்பார்க்கலாம். ஆகவே திசையை மட்டும் நம்பாமல், ஒருநாள் முழுக்க எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று கவனித்துக் குறித்துவையுங்கள்.

மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள். வெளிச்சம் நகைக்கு இடப்பக்கமிருந்தோ வலப்பக்கமிருந்தோ வரவேண்டும், உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரக்கூடாது. ஒற்றைக் கம்மலுக்கு ஜன்னலிலிருந்து ஒன்றரை அடி, இரண்டு அடி தூரம் போதும். அகலமான ஆரம், நெக்லஸ் செட் என்றால் மூன்று நான்கு அடி தள்ளுங்கள். கிட்டே வைத்தால் ஜன்னல் பக்கப் பாதி வெளுத்தும் மறுபாதி இருண்டும் போகும்.

ஜன்னல் கம்பியைச் சும்மா விடாதீர்கள். முத்திலும் பாலிஷ் மணியிலும் அந்தக் கம்பிகள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும், கொசுவலையின் கட்டங்கள்கூடப் பதியும். ஜன்னலின் உட்புறம் பட்டர் பேப்பரை இடைவெளியில்லாமல் ஒட்டிவிட்டால் கம்பி மறையும், வெளிச்சமும் மென்மையாகும். அறையிலுள்ள டியூப் லைட், பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தோடு மஞ்சள் பல்பு கலந்தால் நகையின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளுமாக வரும். அதை எடிட்டிங்கில் சரிசெய்வது கடினம்.

பச்சைச் சுவர், ரோஸ் சுவர், சிவப்புத் தரை, கலர் திரைச்சீலை எல்லாமே நகைமேல் நிறம் பூசும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தெர்மாகோலை நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். நீங்கள் போட்டிருக்கும் உடையும் இதில் சேர்த்திதான். சிவப்புச் சுடிதார் போட்டுக்கொண்டு குனிந்தால் வெள்ளை முத்து இளஞ்சிவப்பாகத் தெரியும். வெள்ளையோ சாம்பலோ உடுத்திக்கொண்டு எடுங்கள்.

பின்னணிக்குச் சார்ட்டின் மேல் விளிம்பைச் சுவரில் ஒட்டி, கீழ்ப்பகுதியை மேசைமேல் வளைவாக இறக்குங்கள். மடிப்பு விழக்கூடாது, விழுந்தால் படத்தில் குறுக்கே ஒரு கோடு ஓடும்.

இரவில்தான் நேரம் கிடைக்கிறது என்றால், ஒரே கம்பெனியின் 9 வாட், 6500 கெல்வின் (பகல்போல் வெள்ளையான வெளிச்சம்; கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) எல்இடி பல்பு இரண்டு வாங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓரடி தூரத்தில் பட்டர் பேப்பரை ஒரு சட்டத்தில் கட்டி நிறுத்துங்கள். ஒரு பல்பு நகைக்குப் பக்கத்தில் இருக்கட்டும், இன்னொன்றை மறுபுறம் இரண்டு மடங்கு தூரத்தில் வையுங்கள். படத்தில் குறுக்கு வரிகள் ஓடினால் அது பல்பின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ப்ரோ மோடில் (கேமரா அளவுகளை நாமே மாற்றும் வசதி) ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் வரிகள் போய்விடும்.

போனில் மாற்ற வேண்டியவை

முதலில் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்ஸில் எடுத்தால் கல் நகைகளைச் சுற்றிப் புகை மூட்டம்போல் தெரியும். பலர் இதை வெளிச்சக் குறை என்று நினைத்து இன்னொரு விளக்கு வாங்குகிறார்கள்.

ஏஐ சீன், பியூட்டி, ஃபில்டர், ஃப்ளாஷ் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம். கம்மல் கொக்கி, ஜிமிக்கியின் தொங்கு மணி போன்ற மெல்லிய பாகங்களைப் பின்னணி என்று தவறாக எண்ணி அது மழுங்கடித்துவிடும்.

மேக்ரோ என்று தனி லென்ஸ் உள்ள போன்களில் அது பெரும்பாலும் 2 மெகாபிக்சல்தான். அதைவிட மெயின் கேமராவை 2 மடங்கு ஜூமில் வைத்து, நகையிலிருந்து 25 செ.மீ. தள்ளி நின்று எடுத்துப் பின்னர் கிராப் செய்வது தெளிவாக வரும். சில போன்கள் கிட்டே போனதும் தாமாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறிக்கொள்ளும். வட்ட வளையல் முட்டை வடிவமாகத் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. செட்டிங்கில் ஆட்டோ மேக்ரோவை அணைத்துவிட்டுப் பின்னால் நகருங்கள். தள்ளி நிற்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஜிமிக்கியின் முன் விளிம்பும் பின் விளிம்பும் சேர்ந்து ஃபோக்கஸில் இருக்கும்.

ப்ரோ மோட் இருந்தால் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 50 அல்லது 100இல் வையுங்கள். ட்ரைபாட் இருப்பதால் ஷட்டர் எவ்வளவு மெதுவானாலும் கவலையில்லை. 2 நொடி டைமர் வைத்தால் விரல் பட்டு ஆடாது. ப்ரோ மோட் இல்லையென்றால், நகையின் முன்பாகத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோக்கஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்யுங்கள். வெள்ளைச் சார்ட்டைப் பார்த்ததும் கேமரா "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்துப் படத்தைச் சாம்பலாக்கும், அப்போது வெளிச்ச அளவை (போனில் EV என்று இருக்கும்) +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். கறுப்புப் பின்னணியில் நேர்மாறாக நடக்கும், அதே அளவுக்கு இறக்குங்கள்.

துடைப்பது, நிறுத்துவது

ஒரு அங்குலக் கம்மல் திரையில் உள்ளங்கை அளவுக்குத் தெரியப்போகிறது. கண்ணுக்குத் தெரியாத தூசி அங்கே மண்கட்டியாகத் தெரியும். டெரகோட்டாவை உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். சில்க் த்ரெட்டில் பிரிந்து நிற்கும் இழைகளைச் சின்னக் கத்தரியால் நறுக்குங்கள், பசை வழிந்த இடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெட்டல் பாகங்களைத் துடைத்த பிறகு விரல் படாமல் துணியால் பிடித்துத்தான் வைக்க வேண்டும்.

ஜிமிக்கியைப் படுக்கவைத்து எடுக்காதீர்கள், அதன் அழகே தொங்குவதில்தான். கண்ணாடி டம்ளரின் விளிம்பில் கொக்கியை மாட்டலாம். சுத்தமான படம் வேண்டுமானால் மேலே ஒரு ஸ்கேலை இரண்டு டப்பாக்களின்மேல் குறுக்காக வைத்து, நைலான் நூலில் இரண்டு ஜிமிக்கிகளையும் ஒரே உயரத்தில் தொங்கவிடுங்கள். ஃபேனை அணைத்துவிட்டு, ஆட்டம் நிற்கும்வரை காத்திருங்கள். நூலை எடிட்டிங்கில் எளிதாக அழிக்கலாம். ஸ்டட் கம்மலென்றால் தெர்மாகோலைச் சார்ட்டால் மூடி, சார்ட்டோடு சேர்த்துக் குத்தி நிறுத்தலாம். வளையலை நிமிர்த்தி நிறுத்தக் கீழே ஒட்டும் டேப்பில் அரை சென்டிமீட்டர் போதும். ஆரத்தை மேசையில் கொட்டியதுபோல் வைக்காமல் கழுத்தில் விழும் வளைவிலேயே அடுக்கி, டாலரை நடுவில் நேராக்குங்கள்.

பின்னணியில் பூ, விளக்கு, பட்டுத்துணி என்று நிரப்புவதைவிட ஒரே ஒரு பொருள் போதும். கடப்பாக் கல் துண்டு நல்ல தேர்வு, ஆனால் பாலிஷ் போடாத பக்கம் மேலே இருக்கட்டும். கைத்தறிப் பருத்தித்துணியும் பொருந்தும். டெரகோட்டாவைப் பழுப்பு மரப்பலகைமேல் வைத்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும், அதற்கு வெளிர் சாம்பலே சிறப்பு.

எந்த நகைக்கு எந்த வெளிச்சம்

படத்தில் வித்தியாசம் உண்டாகிற இடம் இதுதான். ஒரே ஏற்பாட்டில் எல்லா நகையையும் எடுத்தால் ஒன்றிரண்டு நன்றாக வரும், மற்றவை ஏமாற்றும்.

டெரகோட்டா வெளிச்சத்தைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்பாத பொருள், அதில் பளபளப்பைத் தேடிப் பயனில்லை. மேடும் பள்ளமும் தெரிய நிழல் வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்வாக, மேசையிலிருந்து 20, 30 டிகிரி உயரத்தில் வந்தால் ஒவ்வொரு கீறலின் ஓரத்திலும் மெல்லிய நிழல் விழுந்து வேலைப்பாடு எழுந்து நிற்கும். ஜன்னல் உயரமாக இருந்தால் அதன் மேல்பாதியைக் கறுப்புச் சார்ட்டால் மூடுங்கள். எதிர்ப்பக்கத் தெர்மாகோலை ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் நிழல் முழுக்கக் கரைந்து மறுபடியும் தட்டையாகிவிடும். கோல்டு பெயின்ட் அடித்த டெரகோட்டாவில் ஒரு சிக்கல் உண்டு. பெயின்ட் அடித்த இடம் மட்டும் மெட்டல்போல் எதிரொளிக்கும், எதிரே இருட்டு இருந்தால் படத்தில் கோல்டு அழுக்குப் பழுப்பாக வரும். அப்போது போனுக்குச் சற்று மேலே ஒரு வெள்ளைத் தாளைச் சாய்த்துப் பிடியுங்கள். கோல்டு உடனே உயிர் பெறுவது திரையிலேயே தெரியும்.

சில்க் த்ரெட்டின் மினுமினுப்புக்குத் திசை உண்டு. எண்ணெய் தடவி வாரிய கூந்தலில் குறுக்கே ஒரு ஒளிப்பட்டை ஓடுமே, அதுபோல நூல் ஓடும் திசைக்குக் குறுக்காக வெள்ளைப் பட்டை விழும். அந்தப் பட்டை அகலமாகிவிட்டால் அந்த இடத்தில் நிறமே இருக்காது, மயில்கழுத்துப் பச்சை வெறும் வெள்ளையாகிவிடும். பட்டையே இல்லாவிட்டால் அது சாதாரணப் பருத்தி நூல்போலத் தெரியும். ஆகவே நகையைப் பத்துப் பதினைந்து டிகிரியாகத் திருப்பிக்கொண்டே திரையைப் பாருங்கள். பட்டை மெல்லியதாகி ஓரத்துக்கு நகரும் இடத்தில் நிறுத்துங்கள். அடர் சிவப்பும் ராணியும் போன் கேமராவுக்குக் கடினமான நிறங்கள். சிவப்பு மட்டும் முன்னதாகவே நிரம்பி வழிந்து, நூல்வரிகள் மறைந்து ஒரே பூச்சாகிவிடும். இவற்றுக்கு மட்டும் வெளிச்ச அளவை -0.3 முதல் -0.7 வரை குறைத்து எடுத்து, பிறகு எடிட்டிங்கில் நிழல் பகுதியை மட்டும் ஏற்றுங்கள்.

முத்தும் உருண்டை மெட்டல் மணியும் சின்னக் குவிகண்ணாடிகள். அறை முழுவதும் அவற்றில் தெரியும், உங்கள் போனும் தெரியும். ஒரு வெளிச்சம் மட்டும் வைத்தால் ஒவ்வொரு முத்திலும் ஒரே ஒரு மென்மையான ஒளிப்புள்ளி விழும், முத்தின் உருட்சி தெரிய அதுவே போதும். இரண்டு பல்பு வைத்தால் இரண்டு புள்ளி விழுந்து பிளாஸ்டிக்போலக் காட்டும். போனின் கறுப்பு நிழலை மறைக்க, ஒரு வெள்ளைச் சார்ட்டில் லென்ஸ் அளவுக்கு மட்டும் ஓட்டை வெட்டி, அதன் பின்னாலிருந்து எடுங்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை முத்தின் விளிம்பு கரைந்துபோனால், இரண்டு பக்கமும் படத்துக்குச் சற்று வெளியே இரண்டு விரல் அகலக் கறுப்புச் சார்ட் கீற்றுகளை நிறுத்துங்கள். ஒவ்வொரு முத்துக்கும் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு விழுந்து வடிவம் பிரிந்து தெரியும். பாலிஷ் போட்ட கம்பி நகைகளுக்கும் இதே உத்திதான்.

கண்ணாடி மணிக்கு வெளிச்சம் பின்னாலிருந்து வரவேண்டும். ஜன்னலின் பட்டர் பேப்பருக்கு முன்னால் மாலையைத் தொங்கவிட்டு, முன்பக்கம் தெர்மாகோலை வைத்தால் மணிக்குள் நிறம் ஒளிரும்.

குந்தனும் ஏடி (அமெரிக்கன் டைமண்ட்) கல்லும் மென்மையான வெளிச்சத்தில் மட்டும் எடுத்தால் உயிரில்லாத கண்ணாடித் துண்டாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் அப்படியே இருக்க, இன்னொரு போனின் டார்ச்சை ஐந்தடி தூரத்திலிருந்து பக்கவாட்டில் காட்டி, மெல்ல நகர்த்திக்கொண்டே நாலைந்து படம் எடுங்கள். அதில் ஒன்றிலாவது கல் மின்னும். டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்தால் கல்லுக்கு அடியில் தடித்த கறுப்பு நிழல் விழும்.

நிறத்தைக் காப்பது

ஆட்டோ வொயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியக் கேமரா தானாகச் செய்யும் நிறத் திருத்தம்) ஒவ்வொரு படத்துக்கும் தன் முடிவை மாற்றிக்கொள்ளும். சிவப்பு வளையலை எடுத்தால் ஒரு மாதிரி, பச்சையை எடுத்தால் வேறு மாதிரி. ப்ரோ மோடில் அதை ஒரு எண்ணில் நிறுத்திவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு 5500 கெல்வினில் தொடங்கி, வெள்ளைத் தெர்மாகோல் நீலமும் மஞ்சளும் இல்லாமல் வெள்ளையாகத் தெரியும்வரை நகர்த்துங்கள். நகையோடு ஒரு சாம்பல் அட்டையை வைத்து முதல் படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஸ்னாப்சீட், லைட்ரூம் என்ற எடிட்டிங் ஆப்கள் இரண்டிலும் வொயிட் பேலன்ஸில் ஒரு சொட்டுக்குழாய் குறி இருக்கும். அதைச் சாம்பல் அட்டைமேல் வைத்தால் நிறம் நேராகிவிடும். லைட்ரூமில் அந்தத் திருத்தத்தை காப்பி செய்து மற்றப் படங்களில் பேஸ்ட் செய்யலாம்.

சரிபார்க்கும்போது போனின் நைட் லைட்டையும் கண் பாதுகாப்பு மோடையும் அணைத்துவிட்டு, நகையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுங்கள். நினைவை நம்பி நிறம் திருத்தக்கூடாது. சாச்சுரேஷனை ஏற்றவே வேண்டாம். லைக் கூடுதலாக வரலாம், கூடவே ரிட்டர்னும் வரும்.

ஒரு நகைக்கு எத்தனை படம்

ஏழு படம் இருந்தால் வாங்குகிறவரின் பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும்: நேர் படம், முக்கால் பக்கக் கோணம், வேலைப்பாட்டின் நெருக்கப் படம், பின்புறம், அளவு, அணிந்த படம், செட்டில் என்னென்ன உண்டு என்று காட்டும் படம். பின்புறத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திருகாணியா, புஷ்ஷா, கொக்கியா என்பதும், பின்பக்க ஃபினிஷிங் சுத்தமாக இருக்கிறதா என்பதும் அந்த ஒரு படத்தில்தான் தெரியும்.

அளவுப் படத்தில் ஸ்கேல் நகையின் அதே மட்டத்தில், தொட்டாற்போல் இருக்கவேண்டும். முன்னால் தள்ளி வைத்தால் நகை சிறிதாகத் தெரியும். கூடவே பத்து ரூபாய் நாணயம் வைக்கலாம், அதன் விட்டம் 27 மி.மீ. வளையலுக்கு இது இன்னும் முக்கியம். 2.4 என்றால் 2.4 அங்குலம் இல்லை, 2 அங்குலமும் அதோடு பதினாறில் நான்கு பங்கும். உள்விட்டம் 57 மி.மீ. அதேபோல் 2.6 என்றால் 60, 2.8 என்றால் 63.5, 2.10 என்றால் 66.7 மி.மீ. நூல் சுற்றியபின் உள்விட்டம் சற்றுக் குறையும். அதனால் வெறும் வளையத்தின் அளவை எழுதாமல், முடித்த வளையலின்மேல் ஸ்கேலை வைத்தே படமெடுங்கள்.

அணிந்த படத்தில் முழு முகம் தேவையில்லை. காதணிக்குப் புருவத்திலிருந்து தோள்வரை, முகம் 45 டிகிரி திரும்பியபடி. கூந்தலைப் பின்னால் கட்டுங்கள், ஒரே நிற ரவிக்கை போதும். போனைக் காதின் உயரத்துக்கு இறக்குங்கள், மேலிருந்து எடுத்தால் ஜிமிக்கி குட்டையாகத் தெரியும். அணிபவர் உறவினரே ஆனாலும் படம் பொதுவில் வரும் என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். அணிந்து படமெடுத்த கம்மலை விற்பனைக்கு அனுப்பாமல், மாதிரி என்று ஒரு ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்வது சுத்தம்.

எடிட்டிங்கும் அனுப்புவதும்

வரிசை இதுதான்: நேராக்குவது, கிராப், வொயிட் பேலன்ஸ், வெளிச்சம், தூசியும் நூலும் அழிப்பது, கடைசியில் லேசான ஷார்ப்பனிங். ஸ்னாப்சீட்டின் டீடெய்ல்ஸில் ஸ்ட்ரக்சர் 10, ஷார்ப்பனிங் 10 என்பதைத் தாண்டினால் சில்க் த்ரெட் கம்பளிபோல் சொரசொரப்பாகிவிடும். தூசியை அழிக்கலாம். விரிசலையோ கல் உதிர்ந்த இடத்தையோ அழிக்கக்கூடாது.

இன்ஸ்டாகிராமுக்கு 4:5, அதாவது 1080க்கு 1350 பிக்சல். அமேசானில் முதல் படத்தின் பின்னணி தூய வெள்ளையாக, ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) அளவு மூன்றும் 255ஆக இருக்கவேண்டும், நகை படத்தில் 85 சதவீதத்தையாவது நிரப்பவேண்டும், எழுத்தும் வாட்டர்மார்க்கும் கூடாது. கைவேலைப் பொருள் விற்கும் தளமான எட்சிக்குக் குறுகிய பக்கம் 2000 பிக்சலாவது இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் உதவும்படி நகையைச் சுற்றி இடம் விட்டு எடுத்துக்கொண்டு, தளத்துக்கு ஏற்றபடி தனித்தனியாகக் கிராப் செய்யுங்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்பட்டு நூல்வரி மங்கும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போய்ச்சேரும். வேலை முடிந்து மேசையை எடுக்கும்முன், ட்ரைபாட் கால்கள், தெர்மாகோல், நகை மூன்றும் இருந்த இடங்களில் தரையிலும் மேசையிலும் டேப் ஒட்டிக் குறியிடுங்கள், ஷட்டர், ஐஎஸ்ஓ, கெல்வின் எண்களை ஒரு தாளில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள். அடுத்த வாரம் முடியும் புது செட்டையும் அதே இடத்தில் வைத்து எடுக்கலாம்.